பல் டாக்டர் தங்கியிருந்த கோடை

லெம்பி கொஸ்கெலாவுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் வளைகொம்பு ஏரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன் கடிக்காத வாரத்தில் விருந்தாளி யாராவது போன் செய்து நிலவரம் கேட்டால், "ஒண்ணும் கடிக்கலை. வந்தா சீட்டாடலாம். மீன் தின்னணும்னா வர்ற வழியில கடையில வாங்கிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாள். இப்படிச் சொன்னால் எவன் வருவான் என்று அவள் புருஷன் ஆர்வி தலையில் அடித்துக்கொள்வான். ஆனாலும் வந்தார்கள். வருஷா வருஷம் அதே ஆட்கள், அதே வாரம், அதே கேபின். அமெரிக்கச் சோளக் காடுகளிலிருந்து எல்லை தாண்டி, பகலும் ராத்திரியுமாக வண்டி ஓட்டி, எங்கள் ஒன்டாரியோ வனாந்தரத்துக்குள் வந்து இறங்கி, அவள் போடுகிற காபியைக் குடித்துவிட்டுத்தான் தூண்டிலைத் தொடுவார்கள்.

அப்படிப்பட்ட லெம்பிதான், கொரோனா வந்து எல்லையை மூடிய அந்தக் கோடையில், இல்லாத ஒரு பல் டாக்டரை உண்டாக்கி, அவருக்கு மூன்றாம் நம்பர் கேபினைக் கொடுத்து, ஒரு பெண்டாட்டியையும் கொடுத்து, கோடை முழுக்கக் கட்டிக் காத்தாள். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் அவளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஏரிக்கு அவள் வந்தது சமையல்காரியாக. பின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்த குடும்பத்துப் பெண். ஒரே ஒரு கோடைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது இந்த மீன்பிடி கேம்ப்பை நடத்தியது ஆர்வியின் அப்பா. வந்த முதல் நாளே அண்டா நிறைய பீன்ஸை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். ஒருத்தரும் வாயில் வைக்கவில்லை. ஆர்வி மட்டும் இரண்டு தட்டு வாங்கித் தின்றான். "ஒண்ணு இவன் முட்டாளா இருக்கணும், இல்லைன்னா என்மேல கண்ணு வெச்சிருக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன். ரெண்டும்தான்னு கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சுது" என்பாள்.

கேம்ப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏழு மரக் கேபின்கள், மீன் அறுக்க ஒரு கொட்டகை, விறகு போட்டுச் சூடேற்றி உட்கார்ந்து வேர்க்க ஒரு சவுனா, தண்ணீருக்குள் நீளும் மரத்துறை, அதில் கட்டிய அலுமினியப் படகுகள். அவ்வளவுதான். விமானத்தில் ஆள் இறக்கி, வெள்ளைத் தொப்பி போட்டவன் சாப்பாடு பரிமாறும் பெரிய லாட்ஜ்களெல்லாம் வடக்கே இருக்கின்றன. அந்த ஆடம்பரம் நமக்கு வேண்டாம். இங்கே அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், கழுவாவிட்டால் லெம்பி கூப்பிட்டு வைத்துக் கழுவச் சொல்வாள், வக்கீலாக இருந்தாலும் சரி.

ஆர்வி போய்ச் சேர்ந்தது ஒரு பிப்ரவரியில். கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் மூச்சு வாங்க ஏணிப்படியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தபடியே முடிந்துபோனான். பிள்ளைகள் கிடையாது. விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஆர்வியின் மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு விறகு போடப் போய்விட்டாள். அதுதான் அவள் சொன்ன பதில்.

இனி டெல்மர். ஏரிக்குக் கிழக்கே இருக்கும் அனிஷினாபே பழங்குடி ஊர்க்காரன். ஆர்வியோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட கூட்டாளி. விருந்தாளிகளைப் படகில் கூட்டிக்கொண்டு போய் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது அவன் வேலை. மத்தியானம் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கி, பிடித்த மீனைப் பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு பொரித்துப் போடுவான். அதைத் தின்னவே சில பேர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். தூண்டிலுக்கு இரையும் அவன்தான் கொண்டுவருவான். இரை என்றால் எங்கள் பக்கம் அட்டை. ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே வழவழ அட்டைதான். காட்டுக் குட்டைகளில் இறைச்சித் துண்டு வைத்துப் பொறி போட்டுப் பிடிப்பான். வியாழக்கிழமை தோறும் ஒரு வாளி வரும். வாளி நேராக லெம்பியின் ஃபிரிட்ஜுக்குள், வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவில் போய் உட்காரும். கேம்ப்புக்குப் புதிதாக வரும் பெண்கள் பால் எடுக்கத் திறந்துவிட்டு அலறுவது வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும்.

அட்டைக்கு அப்போதைக்கப்போது காசு கொடுக்கும் பழக்கம் இல்லை. அக்டோபரில் கேம்ப்பை மூடும் நாளில்தான் மொத்தமாகக் கொடுப்பது. அந்த மூடும் நாளுக்கு ஆர்வி ஒரு வரிசை வைத்திருந்தான். முதலில் டெல்மர் கையில் காசு. அப்புறம் குழாய்களில் தண்ணீர் இறக்குவது. அப்புறம் துறையைக் கழற்றிக் கரையேற்றுவது. கடைசியில் சவுனா. "காசு வாங்காத மனுஷன் என் குழாயைத் தொடக் கூடாது" என்பான். ஆர்வி போன பிறகும் லெம்பி அந்த வரிசையை ஒரு வருஷமும் மாற்றவில்லை. குழாய் விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். அடுத்த வருஷம் திறக்கப் போகிறவன்தான் தண்ணீர் இறக்குவான்.

அந்த மார்ச்சில் எல்லையை மூடினார்கள். லெம்பி ரேடியோவை ஒரு முறை முறைத்துவிட்டு அணைத்தாள். மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்தது. விருந்தாளிகள் குளிர்காலத்தில் கட்டும் முன்பணத்தில்தான் சின்ன கேம்ப்புகள் மூச்சு விடுகின்றன. லெம்பி அந்தப் பணத்தைப் புது மோட்டார்களுக்கும் இரண்டு கூரைக்கும் அப்போதே செலவழித்திருந்தாள். சில பேர் திருப்பிக் கேட்டார்கள், கேட்டவர்களுக்குக் கையில் இருந்ததைச் சுரண்டிக் கொடுத்தாள். அயோவாவில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த டுவேன் கிழவன் மட்டும், "அதை நீயே வெச்சுக்க லெம்பி. நான் செத்துப்போனா என் மகன் வந்து மீன் பிடிச்சுக் கழிச்சுக்குவான்" என்றான். அப்படிச் சொன்னவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள். திருப்பிக் கேட்டவர்களுக்காக அழவில்லை.

உதவித்தொகை என்று ஒன்று அறிவித்தார்கள். சம்பளப் பட்டியல் உள்ள தொழிலுக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். லெம்பி தனக்குத் தானே எந்தக் காலத்தில் சம்பளம் போட்டாள்? வங்கிக்காரன் தவணையைத் தள்ளி வைத்தான். இன்சூரன்ஸ்காரன் பொறுத்துக்கொண்டான். எரிவாயு வாங்கவே வேண்டியதில்லை, எரிக்க யாரும் இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று கூட்டிக் கழித்து வைத்திருந்தாள். கூட்டலில் அவள் மறந்தது டெல்மரை.

மே கடைசியில், ஏரிமேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து கரைந்ததும், டெல்மரின் படகு வந்தது. முகமூடி போட்டிருந்தான். துறையின் ஒரு கோடியில் வாளியை வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றான்.

"இந்த வருஷமும் வாரம் ஒரு வாளிதானே, முதலாளியம்மா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விருந்தாளிகள் இல்லை என்றால் டெல்மருக்குப் படகு வேலையும் இல்லை. வீட்டில் மகளின் பிள்ளைகள் இரண்டு பேர் வளர்கிறார்கள். மிச்சம் இருப்பது இந்த அட்டைதான். அதையும் வேண்டாம் என்றால் தட்டில் கை வைத்த மாதிரி. காசாகச் சும்மா கொடுத்தால் வாங்குகிற ஜாதியும் இல்லை அவன். ஒரு தடவை ஆர்வி அப்படிக் கொடுக்கப் போய் ஒரு மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

"ஆமா, வாரம் ஒரு வாளி," என்றாள் லெம்பி.

டெல்மர் காலியாகக் கிடந்த கேபின்களைப் பார்த்தான். "யாருக்கு?"

"ஆளு வர்றாங்க. வினிபெக்லேருந்து. நம்ம நாட்டுக்குள்ள இருக்கிறவன் வரலாம்ல."

"யாரு?"

வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவளிடம் இப்படிப் பெயர் கேட்டால் என்ன செய்வாள்? முந்தின நாள் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. "ஒரு பல் டாக்டர்," என்றாள். "பெண்டாட்டியோட."

இப்படித்தான் பல் டாக்டர் பிறந்தார்.

அடுத்த வியாழக்கிழமை டெல்மர் வாளியை வைத்துவிட்டு, "டாக்டர் எப்படி?" என்றான். நன்றாக இருக்கிறார் என்று அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்க்குப் புதுசு அல்லவா, ருசி கண்டுவிட்டாள். டாக்டர் தூண்டில் முள்ளை மீன் வாயிலிருந்து நோகாமல் கழற்றுகிறார், பல் பிடுங்கின கை என்றாள். அதற்கடுத்த வாரம் பெண்டாட்டிக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று ஒன்றைச் சேர்த்தாள்.

"மீன் ஒத்துக்காதவளை மீன்பிடி கேம்ப்புக்குக் கூட்டிட்டு வந்திருக்கானா? அந்தக் குடும்பம் தேறாது," என்றான் டெல்மர்.

லெம்பிக்கு என்னவோ ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் நல்ல மனுஷன். அவளுக்குன்னு தினம் முட்டை பொரிச்சுக் குடுக்கிறார்."

"அப்ப எங்க அவங்க? படகையே காணோம்."

"தூங்குறாங்க. மலையெல்லாம் ஏறிட்டு வந்து களைச்சுப் போய்."

எங்கள் ஏரியைச் சுற்றி நாற்பது மைலுக்கு மலையே கிடையாது. டெல்மர் தலையை ஆட்டிக்கொண்டு படகைத் திருப்பினான்.

இப்போது வாளி வாளியாக வந்த அட்டையை என்ன செய்வது? எந்தக் கேம்ப்பிலும் ஆள் இல்லை, யாரிடம் தள்ளிவிட? ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தண்ணீர் மாற்றிப் பார்த்துக்கொள்வாள். புதன்கிழமை ஆனால் அடுத்த வாளிக்கு இடம் வேண்டும். கொல்ல மனசு வராது. ஏழாம் கேபினுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் நிற்கும் குளிர்ந்த குட்டை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவாள். இதில் வேடிக்கை என்னவென்றால், 'மிச்ச இரையைத் தண்ணீரில் கொட்டினால் உன்னையும் சேர்த்துக் கொட்டுவேன்' என்று மீன் கொட்டகையில் பலகை எழுதி மாட்டியவளே அவள்தான். குட்டைக்குப் போகும்போது அந்தப் பலகைப் பக்கம் திரும்பாமல் போவாள். கவிழ்த்துவிட்டு, "போங்க, போய்ப் பொழச்சுக்கங்க. இந்த வருஷம் உங்களுக்காவது நல்ல வருஷமா இருக்கட்டும்," என்று அதுகளிடம் சொல்லுவாள். தனியாக இருக்கும் மனுஷி, யாரிடம்தான் பேசுவது?

ஜூலை போய் ஆகஸ்ட்டும் வந்தது. மற்ற வருஷங்களில் வெயில் ஏறியதும் அட்டை நின்றுவிடும். இந்த வருஷம் வாளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும் வியாழக்கிழமை தவறாமல் வந்துகொண்டே இருந்தது. மனுஷன் எங்கே போய்க் கஷ்டப்பட்டுப் பிடிக்கிறானோ என்று லெம்பி ராத்திரியெல்லாம் புரண்டாள். இந்தப் பாடுபட்டவனுக்கு மூடும் நாளில் எதைக் கொடுப்பேன் என்று அதைவிடப் புரண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கிரெய்க் வந்தான். நகரத்து ஆள், மிதக்கும் விமானம் வைத்திருந்தான். நேராகத் துறையில் வந்து இறங்கி, சுற்றிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றான். கேபின்களைப் பார்த்து, இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் நடுவில் ஒரு வீடு நன்றாக வரும் என்றான். லெம்பி அவனுக்கும் காபி கொடுத்தாள். விருந்தாளிகளுக்குக் காபியோடு வைக்கும் ஏலக்காய் ரொட்டியை மட்டும் கொடுக்கவில்லை.

"நல்ல விலை தர்றேன். உங்க வயசுல இந்தத் தொந்தரவு எதுக்கு?" என்றான்.

"என் வயசு எனக்குத் தெரியும்," என்று அனுப்பிவிட்டாள்.

ஆனால் செப்டம்பரில் அவளே அவனுக்குப் போன் செய்தாள். வங்கியைத் தள்ளி வைக்கலாம், டுவேன் பொறுப்பான், இன்சூரன்ஸ்காரன் பொறுப்பான். கோடை முழுக்க அட்டை கொண்டுவந்தவன் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். மூடும் நாளில் டெல்மர் கையில் காசு வைக்க முடியாத கேம்ப்பை நடத்தி என்ன மானம் வாழ்கிறது? ஆர்வி இருந்தால் அவனே விற்றிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, இல்லை, அவன் விற்றிருக்க மாட்டான் என்றும் சொல்லிக்கொண்டாள். கையெழுத்து அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, முன்பணம் அன்றைக்கே கையில் என்று பேச்சானது. மூடும் நாள் அதற்கு முந்தின சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை காலையில் டெல்மர் வழக்கம்போல வந்தான், பெண்டாட்டி சுட்டுக் கொடுத்த ரொட்டியோடு. ஏரி அசையாமல் கிடந்தது. துறையில் ஏறியவன் சுற்றிப் பார்த்தான். மூடும் நாள் என்றால் காற்று அடித்துக் குழாயைக் காலி செய்யும் மெஷினை லெம்பி முதல் ஆளாக வெளியே இழுத்து வைத்திருப்பாள். அது இல்லை.

"காத்து மெஷின் எங்க?"

"ஷெட்ல."

"குழாய் இறக்கலையா? அடுத்த வாரம் பனிங்கிறான் ரேடியோல."

"வரட்டும்."

டெல்மர் அவளையே பார்த்தான். அவள் துறையின் பலகையைப் பார்த்துக்கொண்டு, முகமூடிக்குள்ளேயே சொன்னாள்: "டெல்மர், உன் காசைத் திங்கக்கிழமை தர்றேன். இத்தனை வருஷத்துல இப்படிச் சொன்னதில்லை. மன்னிச்சுக்க."

"திங்கக்கிழமை என்ன விசேஷம்?"

"கிரெய்க் வர்றான். அந்த விமானக்காரன். கையெழுத்துப் போடுறேன். உனக்குத்தான் முதல்ல தருவேன், ஒரு காசு குறைக்காம."

டெல்மர் ரொட்டிப் பொட்டலத்தைப் படகின் ஓரத்தில் வைத்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "எனக்கு எவ்வளவு தரணும் நீ?"

"என்ன கேள்வி இது. கோடை பூரா வாங்கியிருக்கேன். வாரம் ஒரு வாளி."

"நான் உனக்கு வித்தது ஒரு வாளி லெம்பி."

"அதான் சொல்றேன், வாரம்..."

"வாரம் இல்ல. மொத்தமே ஒண்ணுதான். மே மாசம் குடுத்தேனே, அது. அதுக்கப்புறம் கொண்டுவந்ததெல்லாம் அதே வாளிதான்."

லெம்பிக்குப் புரியவில்லை. டெல்மர் ஏழாம் கேபின் பக்கம் கையை நீட்டினான். முதல் வாரம் கழிந்து அவன் ஒரு நாள் முன்னதாகப் புதன்கிழமையே வந்துவிட்டானாம். குட்டைக்கரையில் லெம்பி வாளியைக் கவிழ்த்து அட்டைகளுக்கு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தாள். அவன் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலமே காட்டுப் பாதை வழியாக வந்து அந்தக் குட்டையில் பொறி வைத்தான். மறுநாள் காலையில் எடுத்தான், வாளியில் போட்டான், படகில் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்து துறையில் இறக்கினான். வாரா வாரம் இதே கதை.

"உன் ஃபிரிட்ஜுதான் அதுகளை உசுரோட வெச்சிருந்துச்சு. வெளிய விட்டிருந்தா ஜூலையிலயே முடிஞ்சிருக்கும்," என்றான். "கடைசியில ரெண்டு மூணு என்னைப் பார்த்ததும் தானா பொறிக்குள்ள வந்துச்சு. பழகிடுச்சு."

லெம்பி துறையில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்தாள். எடுத்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அதுவரை கட்டிக் காத்த இடைவெளியெல்லாம் போயிற்று.

"நாலு மாசமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்க. தூக்கமில்லாம புரண்டிருக்கேன்டா நான். உன் பேரப்பிள்ளைக என்ன திங்கும், என்ன திங்கும்னு... வேண்டாத அட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லியிருக்கலாமே, டாக்டர் இல்லைன்னு."

லெம்பி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது, டாக்டர் இல்லைன்னு?"

"நீ வாளியைக் கவிழ்த்தப்பவே சந்தேகம். மலை ஏறினாங்கன்னு சொன்னியே, அன்னைக்கு உறுதியாச்சு. ஆனா அவரு பெண்டாட்டிக்கு முட்டை பொரிச்ச விஷயம் நல்லா இருந்துச்சு. ரோசான்கிட்ட சொன்னேன். அந்த டாக்டரைப் பார்த்துக் கத்துக்கன்னு வாரா வாரம் எனக்குத் திட்டு," என்றான். ரோசான் அவன் பெண்டாட்டி.

"அப்ப வீட்டுக்கு என்ன செஞ்ச? சாப்பாட்டுக்கு?"

டெல்மர் முதல் தடவையாகக் கொஞ்சம் வெட்கப்பட்டான். நோய் உள்ளே வராமல் இருக்க அவன் ஊரார் ரோட்டில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து வண்டிகளை நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. "நாற்காலி குடுத்தாங்க. ஆரஞ்சு கலர்ல ஒரு சட்டை. சம்பளம், லீவு எல்லாம் உண்டு. பென்ஷன்கூடப் பிடிச்சாங்க. என் வாழ்க்கையில நான் இவ்வளவு சம்பாதிச்சதே இல்ல லெம்பி. நீ அந்தச் சட்டையில பார்த்தா சிரிப்பேன்னுதான் சொல்லலை."

ஆக, அந்தக் கோடையில் ஏரியைச் சுற்றிக் கையில் காசு புழங்கிய ஒரே ஆள் டெல்மர். அவன் பட்டினி கிடந்துவிடக் கூடாதே என்றுதான் லெம்பி கேம்ப்பை விற்கப் போயிருந்தாள்.

"பின்ன எதுக்குடா வாரா வாரம் வந்த?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"உன்னைப் பார்க்க," என்றான் டெல்மர். "தனியா இருக்க. ஆர்வி போன மாதிரி நீயும் எங்கயாவது உட்கார்ந்து போயிட்டா யாருக்குத் தெரியும்? சும்மா வந்தா என்னடா வேவு பார்க்குறன்னு தொரத்துவ. வாளியோட வந்தா விடுவ."

லெம்பி துறையில் உட்கார்ந்துவிட்டாள். முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று டெல்மருக்கே தெரியவில்லையாம், பின்னால் என்னிடம் சொன்னான். இரண்டும் இருந்திருக்கும். அந்தக் கோடையில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருக்கிறான், அதைத் தெரியாமலே அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்கு என்னதான் செய்வது?

டெல்மர் கையை நீட்டினான். "சரி, குடு."

"எதை?"

"ஒரு வாளிக்குக் காசு. அது நான் பாடுபட்டுப் பிடிச்சது. அதை விடுறதா இல்லை."

லெம்பி எழுந்து போய் அடுப்படி டப்பாவிலிருந்து எடுத்து வந்தாள். ஒரு வாளிக்கு இருந்தது, அது போகவும் கொஞ்சம் இருந்தது. டெல்மர் வாங்கி மேல்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்: "காசு வாங்கியாச்சு. ஆர்வி வரிசையில அடுத்தது என்ன?"

லெம்பி ஏழு கேபின்களையும் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அவை அன்றைக்கு எப்படித் தெரிந்தன என்று எனக்குத் தெரியாது. நான்காம் நம்பரின் ஓட்டைக் கூரையும் தெரிந்திருக்கும், டுவேன் வருஷா வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த பெஞ்சும் தெரிந்திருக்கும். நேராக ஷெட்டுக்கு நடந்தாள். காற்று மெஷினின் சக்கரம் வழக்கம்போலச் சிக்கிக்கொண்டது, வழக்கம்போல அதை உதைத்தாள்.

முதலாம் கேபினைத் தொடுவதற்கு முன் கிரெய்க்குக்குப் போன் செய்தாள். டெல்மர் பக்கத்தில் நின்றான்.

"திங்கக்கிழமை வர வேண்டாம். விக்கலை," என்றாள். அந்தப் பக்கம் அவன் ஏதேதோ சொன்னான். விலையை ஏற்றிக்கூடச் சொன்னான் என்று கேள்வி. "இல்லப்பா, அடுத்த வருஷம் ஆள் வருது. இடம் இல்ல," என்று வைத்துவிட்டாள்.

பணக் கஷ்டம் அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எல்லை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. குளிர்காலத்துக்கு டவுன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆள் கேட்கிறார்கள், நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்றாள் லெம்பி. பீன்ஸ் மட்டும் வைக்காதே என்றான் டெல்மர்.

ஃபிரிட்ஜை அணைக்கப் போனபோது கடைசி வாளி உள்ளேயே இருந்தது. பாதிகூட இல்லை, ஒரு கை அளவு அட்டை, தண்ணீருக்குள் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது.

"இதை என்ன செய்யறது?" என்றான் டெல்மர்.

"பழைய இடத்துலயே விடு. பொழச்சுக் கெடந்தா மே மாசம் வேணும்."

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு வந்தான். அதற்குள் அவள் முதலிரண்டு கேபின்களை முடித்திருந்தாள். மெஷினை இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் மூன்றாம் கேபினுக்கு வந்தார்கள். லெம்பி சாவியை எடுத்தாள். டெல்மர் அவள் கையைத் தடுத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டினான்.

"டாக்டர், உள்ள இருக்கீங்களா?"

லெம்பி அவனை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"காலையிலயே கெளம்பிட்டாங்க," என்றாள். "அடுத்த வருஷத்துக்கும் இதே கேபினைத்தான் சொல்லி வெச்சுட்டுப் போயிருக்காங்க."